சமையலறைப் பக்கத்து இரைச்சல்

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து குமுதவல்லியின் குரல் பூமிக்குள் போக ஆரம்பித்தது. “ஏங்க, தோசை ஆறுது” என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். வாய் அசைந்தது, மூச்சும் வெளியே வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. தோசை ஆறியது.

அவளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முந்தின நாள்தான் அவள் கணவர் சிவநேசனும் அவருடைய சிநேகிதர் ராஜரத்தினமும் கூடம் முழுக்க வயரைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்த பழைய வயர்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஷீல்டு வயர் மாட்டியிருந்தார்கள். ஷீல்டு வயர் என்றால் நடுவில் ஒரு மெல்லிய கம்பி; அதன் வழியாகப் பாட்டு போகும். கம்பியைச் சுற்றி ரப்பர், ரப்பரைச் சுற்றிச் செம்பில் பின்னிய வலை. வெளியிலிருந்து வருகிற இரைச்சல் பாட்டுக்குள் புகுந்துவிடாமல் அந்த வலை பிடித்துக்கொள்ளும்; பிடித்ததை எர்த் கம்பி வழியாகப் பூமிக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். எது பாட்டு, எது இரைச்சல் என்று வலைக்குத் தானாகத் தெரியாது. மாட்டுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சொன்னவர் ராஜரத்தினம். அவருக்குத் தங்கக் காது என்று ஒரு பெயர் உண்டு, அவரே வைத்துக்கொண்டது. வால்யூமை முழுக்கத் திருப்பிவிட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். வாய் திறந்திருந்தால் காது இன்னும் நன்றாகக் கேட்கும் என்பது அவர் கட்சி. “ம்ம்ம்னு ஹம் அடிக்குது சார், சமையலறைப் பக்கமிருந்து வருது” என்றார். சமையலறையில் அப்போது ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, அடுப்பில் குக்கர் இருந்தது, குமுதவல்லி இந்த இரண்டு பேருக்கும் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். “அந்தப் பக்கத்தை மொத்தமா இரைச்சல்ல சேர்த்துடலாம். தனித்தனியாப் பிரிச்சா வேலை இழுக்கும்” என்றார் தங்கக் காது. “சேர்த்துடுவோம்” என்றார் சிவநேசன். காபியைக் குடித்தார்கள். வலையை அப்படியே கட்டினார்கள்.

ஆகவே ஒரு நாள் சமையலறைக்குள் கால் வைத்தவர் யாராக இருந்தாலும், அன்று முழுக்க அந்த வீட்டுக்குள் எங்கே நின்று பேசினாலும், அவர் குரல் எர்த்துக்குப் போய்விடும். ஒரு நாள் கால் வைக்காமல் இருந்து பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கேட்கிறவர்கள் வந்து சமைத்துப் போடட்டும். சிவநேசனுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; நெல்லில் எத்தனை ரகம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அது சோறாகும் இடத்தை எட்டிப் பார்த்ததில்லை.

ஃபிரிட்ஜ் வாயடைத்துப் போனது. மிக்ஸி சத்தமில்லாமல் சட்னி அரைத்தது. குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியாமல் பருப்பு அடிப்பிடித்தது. தீய்ந்த பருப்பைச் சிவநேசன் அப்படியே சாப்பிட்டார். “இப்பத்தான் வீடு வீடா இருக்கு” என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். குமுதவல்லி ஏதோ பதில் சொன்னாள். அந்தப் பதிலை இங்கே எழுத முடியாது. கீழே போய்ச் சேர்ந்த இடத்தில் நல்ல வரவேற்பு இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

அவள் குரல் ஒன்றும் சாதாரணக் குரல் அல்ல. திருச்சி பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவள் அவள். “புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக இராமநாதபுரம் செல்லும் பேருந்து” என்று அவள் ஆரம்பித்தால் போதும், டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஜனம் மூட்டை முடிச்சோடு ஓடும். தூங்குகிற குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு ஓடுவார்கள். ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அவள் சொன்ன திசையில் போனார்கள், அவள் புருஷனைத் தவிர.

இந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அங்கே அறிவிப்பாளர் இடம் காலியாகிவிட்டது. நிரந்தர வேலை, தங்க இடமும் உண்டு. மாதம் முடிவதற்குள் சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்ல வேண்டும். குமுதவல்லிக்குப் போக ஆசை இல்லை. உண்மையைச் சொன்னால், சிவநேசன் “போகாதே” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதைத் தன் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அல்லது “நானும் வர்றேன்” என்றாலும் சரி. எதையாவது சொல்லித் தொலைக்கட்டும். அதற்கு முதலில் அவள் கேட்டது அவர் காதில் விழ வேண்டும்.

“ஏங்க, திருநெல்வேலிக்குக் கூப்பிடுறாங்க. நான் போகட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று தினமும் கேட்டாள். தினமும் அது தரைக்குள் இறங்கியது. பேருந்து நிலையத்திலிருந்து ஃபோன் செய்து பார்த்தாள். ஃபோன் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில் டுக்கு டுக்கென்று அடிக்கிறது என்று அவர் அதை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசலாம் என்றால், தெரு இரைச்சல் பட்டால் காது கெட்டுவிடும் என்று அவர் வாசல் தாண்டுவதை விட்டுவிட்டார். எழுதிக் காட்டலாமே என்றால், இத்தனை வருஷம் வாயால் பேசிக் குடித்தனம் நடத்திவிட்டு இப்போது மனுப் போடுவதா? போங்கய்யா என்று இருந்துவிட்டாள்.

பூமிக்குள் போன குரல் சும்மா இருக்கவில்லை. கட்டடத்தின் எர்த் குழி தரைத்தளத்தில், அவர்கள் மாடி வீட்டுக்கு நேர் கீழே, ரெஜினா வீட்டுப் பின்வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. குழியில் உப்பும் அடுப்புக்கரியும் அடுக்கடுக்காகப் போட்டு, நடுவில் ஒரு குழாய் இறக்கியிருப்பார்கள். குழி காய்ந்தால் எர்த் பிடிக்காது. ஆகவே அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுவது தரைத்தளத்துக்காரர் பொறுப்பு. ரெஜினா இட்லி மாவு அரைத்து விற்கிறவள், கிரைண்டர் கழுவின தண்ணீருக்குக் குறைவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒரு வாளி ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டதும் குழாய் “ஏங்க, தோசை ஆறுது” என்றது.

“ஆறினா இங்க அனுப்புக்கா” என்று ரெஜினா குழாயிடம் சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

அதன் பிறகு மாவு வாங்க வருகிறவர்கள் பின்வாசலில் நின்று கேட்டார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற, மேலே நடந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் வந்தது. குக்கர் விசிலை எண்ணி அடுத்த நாளிலிருந்து சமையலறை ஜன்னல் பக்கம் பார்த்துக் கத்தினார்கள்: “அக்கா, மூணு ஆச்சு, இறக்குங்க!” பருப்பு தப்பித்தது. திருநெல்வேலி விஷயத்தில் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். “போயிடுங்கக்கா, அங்க தண்ணி நல்லா இருக்கும்” என்றாள் ஒருத்தி. “அந்தாளு ஒரு மண்ணாந்தை, அவருகிட்ட என்னத்தைக் கேக்குறது” என்றாள் இன்னொருத்தி. “பாவம், சோத்துக்கு என்ன பண்ணுவாரு” என்று ஒருவர் இரங்கினார். அவரை யாரும் மதிக்கவில்லை. குழாயைப் பார்த்துச் சொன்னதால் இவையும் குழிக்குள் இறங்கின; ஜன்னல் வழியாக மேலேயும் கேட்டன. குமுதவல்லிக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, பதில் என்று ஒன்று வருவதே ருசியாக இருந்தது.

ரெஜினாவுக்கு மனசு கேட்கவில்லை. நேரே சிவநேசனிடம் கேட்டுவிடுவது என்று பின்படி ஏறி வந்தாள். பின்படி சமையலறையில்தான் வந்து முடியும். கூடத்தில் போய் நின்று, “அண்ணே, அக்கா ஒரு விஷயம் கேட்டுக்கிட்டே இருக்காங்க, காதுல விழலையா உங்களுக்கு?” என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். சிவநேசன் கண்ணை மூடி வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கிப் போய்த் தண்ணீர் ஊற்றியபோது, “அண்ணே, அக்கா ஒரு விஷயம்” என்று அவளுடைய குரலே அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. “ஏறி இறங்கின முட்டிவலிதான் மிச்சம்” என்றாள் ரெஜினா.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. சுத்த ஒலிச் சபை என்று பெயர். ராஜரத்தினம் தலைவர், சிவநேசனைப் போல நாலைந்து பேர் உறுப்பினர்கள். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லார் வீட்டிலும் வேறு யாரோ சமைத்தார்கள். இவர்கள் கூடினால் பாட்டுப் போட மாட்டார்கள். பாட்டுப் போட்டால் இரைச்சல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போய்விடும் அல்லவா? செட்டைப் போட்டு, வால்யூமை முழுக்க வைத்து, ஒன்றுமே ஓடாத ஸ்பீக்கரின் முன்னால் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நடுநடுவே “ஆஹா” என்பார்கள். ஒருவர் தொடையில் தாளம் போடுவார். எதற்குத் தாளம் என்று கேட்டால் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது என்பார். இந்தச் சபைக்குக் காபி கொடுக்கிற பேறு குமுதவல்லிக்கு.

அன்று ராஜரத்தினம் திறந்த வாயை மூடினார். “இன்னும் ஒரு நூல் அளவு இருக்கு” என்றார். சிவநேசன் முகம் வாடிவிட்டது. மகளுக்குப் பார்த்த வரன் தட்டிப்போன மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

“வலையை எத்தனை முனையில எர்த் பண்ணியிருக்கீங்க?”

“ஒரு முனையிலதான். அப்படித்தான் பண்ணணும்னு சொல்லுவாங்களே?”

“யாரு சொல்லுவாங்க? வேலின்னா ஒரு பக்கம் மட்டுமா கட்டுவாங்க? அந்த முனையையும் கட்டுங்க சார். இரட்டைப் பாதுகாப்பு.”

ஒரு முனையில் மட்டும் கட்டினால், பிடித்த இரைச்சல் கீழே இறங்கி அங்கேயே இருக்கும். இரண்டு முனையிலும் கட்டினால் அதற்கு ஒரு வட்டப்பாதை கிடைத்துவிடும். ஒரு முனையில் இறங்கி மறு முனையில் ஏறி வரும். ரேடியோ பழுது பார்க்கிற கடையில் அரைமணி நேரம் நின்றால் இது தெரிந்துவிடும். சபை உறுப்பினர்கள் கடைக்கெல்லாம் போகிறவர்கள் அல்ல. சிவநேசன் தன் கையாலேயே அந்த முனையைத் திருகிக் கட்டினார்.

குமுதவல்லி காபித் தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்ற நேரம் அது. இடது ஸ்பீக்கர் “ஏங்க, தோசை ஆறுது” என்றது. “ஆறினா இங்க அனுப்புக்கா” என்றது வலது. குக்கர் விசில் வந்தது, மிக்ஸி வந்தது, “அந்தாளு ஒரு மண்ணாந்தை” என்பதும் தெள்ளத்தெளிவாக வந்தது. பிறகு இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஆள் நின்று பேசுகிற மாதிரி, அவளுடைய குரல் கேட்டது. “ஏங்க, திருநெல்வேலிக்குக் கூப்பிடுறாங்க. நான் போகட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

விழுந்துவிட்டது, அவர் காதில் விழுந்தே விட்டது என்று அவள் தட்டோடு ஒரு அடி முன்னால் வந்தாள். சிவநேசன் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கர்களுக்கு நடுவே இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தார்.

“நடுவுல அப்படியே நிக்குது பாருங்க குரல்” என்றார்.

“உருவமே தெரியுது” என்றார் தாளம் போடுகிறவர்.

குரல் வட்டப்பாதையில் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. ஒரு வார்த்தை சொல்லுங்க என்றது. எல்லாரும் வாயைத் திறந்து கேட்டார்கள். மறுபடியும் வந்தது. காபியில் ஆடை கட்டியது. கடைசியில் ராஜரத்தினம் தலைவருக்குரிய முறையில் தீர்ப்புச் சொன்னார்: “தெளிவெல்லாம் ஓகே. அடிச்சத்தம், அதான் பாஸ், கொஞ்சம் கம்மி.”

“ஆமா” என்றார் சிவநேசன், யோசித்து. “கொஞ்சம் கம்மிதான்.”

குமுதவல்லிக்கு இந்த மனுஷனிடமா இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. தட்டைத் தரையில் வைத்தாள். சத்தமில்லாமல்தான் வைக்க முடிந்தது. ராஜரத்தினம் குனிந்து இரண்டாவது முனையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சபை சத்தம் கேக்க வர்றதில்லையே” என்றார். மறுநாள் வேலைக்குப் போனதும் குமுதவல்லி திருநெல்வேலிக்கு ஃபோன் போட்டு, வருகிறேன் என்று சொன்னாள். அங்கே எடுத்தவருக்கு அவள் குரல் ஒரே தடவையில் கேட்டது.

கிளம்புகிற அன்று காலை ரெஜினாவிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். “அந்தக் குழிக்கு இனிமே தண்ணி ஊத்தாதடி. மேலேருந்து கேக்க என்ன இருக்கு?”

“சரிக்கா. கழுவின தண்ணிய என்ன பண்ண?”

“வாழைக்கு ஊத்து, குலையாவது தள்ளும்.”

ஆட்டோ வந்து தெருவில் நின்றது. மேலே சிவநேசனுக்குக் காபி வரவில்லை. கூடத்திலிருந்து குரல் கொடுத்துப் பார்த்தார். பிறகு பசி தாங்காமல், காபித்தூள் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு சமையலறைக்குள் கால் வைத்தார். வலது காலைத்தான் முதலில் வைத்தார், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. காபித்தூள் கிடைக்கவில்லை. ஜன்னல் வழியே தெருவில் குமுதவல்லி ஆட்டோவில் பெட்டியை ஏற்றுவது தெரிந்தது.

“குமுதா, போகாதே” என்றார் சிவநேசன்.

அவரிடமிருந்து அவள் கேட்க ஆசைப்பட்ட அதே வார்த்தை. வாய் அசைந்தது, மூச்சும் வந்தது. சமையலறையில் கால் வைத்தவர் குரல் எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று. கீழே ரெஜினா வாளித் தண்ணீரை வாழைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். குழாய் ஒன்றும் சொல்லவில்லை. குமுதவல்லி ஒரு தடவை ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயைத் திறந்துகொண்டு நிற்பது தெரிந்தது. ஓஹோ, செட்டுக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

அப்புறம் சிவநேசன் தினமும் கஞ்சி வைத்துக்கொள்ளச் சமையலறைக்குள் போக வேண்டியிருந்தது. அவர் குரலும் தினமும் குழிக்குப் போனது. பீரோவைத் திறந்து ஃபோனை எடுத்து அவளுக்குப் போட்டார். அந்தப் பக்கம் அவள் “ஹலோ, யாரு?” என்று கேட்டுக் கேட்டு வைத்துவிட்டாள். ஷீல்டு வயரைக் கழற்றியிருக்கலாம், ஆனால் ஹம் வந்துவிடும். வீட்டை விட்டு வெளியே போய்ப் பேசியிருக்கலாம், ஆனால் தெருவில் ஒரே இரைச்சல்.

எப்படியும் ஹம் வந்தது. தண்ணீர் இல்லாத குழி காய்ந்து எர்த் பிடிக்காமல் போக, அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஸ்பீக்கர் தேனீக்கூடு மாதிரி உறுமியது. சிவநேசன் எழுந்து நின்று கை கூப்பி என்னென்னவோ விளக்கம் சொன்னார்; அதுவும் உறுமலோடு சேர்ந்துகொண்டது. அவர் பேசுகிறார் என்பதையே யாரும் கவனிக்கவில்லை. “இரைச்சல் இந்தாளு பக்கமிருந்துதான் வருது” என்றார் தங்கக் காது. சபையைத் தன் வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். அவர் மனைவி அன்றிலிருந்து பேசுவதாகத் தெரியவில்லை.

கோடை முடிந்ததும் குழியைத் தோண்டி, பழைய உப்பையும் கரியையும் எடுத்துவிட்டுப் புதிது போடுவது அந்தக் கட்டடத்து வழக்கம். ரெஜினா தோண்டினாள். உப்பு கட்டி கட்டியாக, வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. நல்ல உப்பைக் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு பையில் கட்டி, திருநெல்வேலி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, அறிவிப்புச் சொல்கிற அக்காவிடம் சேர்க்கச் சொன்னாள். திருநெல்வேலி பேருந்து நிலையத்தில் அக்கா யார் என்று கண்டக்டருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அங்கே அப்போது எலுமிச்சை மலிந்து கிடந்தது. குமுதவல்லி பழங்களை நாலாக நறுக்கி, அந்த உப்பைப் போட்டுப் பிசறி ஜாடியில் அடைத்து, வெயிலில் வைத்து எடுத்தாள். நன்றாக ஊறியதும் ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன், பழைய சோற்றுக்கு ஒரு துண்டு எடுத்துத் தட்டில் வைத்தாள்.

“குமுதா, போகாதே” என்றது துண்டு.

சிவநேசனின் குரல்தான். பின்னால் ஒரு நூல் அளவுகூட இரைச்சல் இல்லை. அவள் அதைக் கடித்து, கண்ணை மூடி, யோசித்துப் பார்த்தாள்.

உப்பு கொஞ்சம் தூக்கல்தான்.